வெங்காயக் காட்டில் ஒரு ராஜா கல்லறை

நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. நம் வகுப்பு வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக வேறு பேச்சே இல்லை. பிரமிடுக்கு முன்னால் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வெள்ளைத் தொப்பி. ஒருவர் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார். இன்னொருவர் அரசர் கல்லறைக்குள் குனிந்து போனபோது மூட்டு வலி தாங்காமல் பாதியில் திரும்பியதை, படையெடுத்துப் போய் வந்ததுபோல நாலு குரல் பதிவாகப் போட்டிருக்கிறார். "நீயும் வந்திருக்கலாம். வாழ்க்கையில ஒரு தடவையாவது ராஜா கல்லறையப் பாக்க வேண்டாமா?" என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பில், டிபன் பாக்ஸோடு, டவுன் பஸ்ஸில் வந்து பார்த்தீர்கள். உங்களில் ஒருவருக்குக்கூட அது நினைவில் இல்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. போன இடத்தில் என்ன தின்றோம் என்பதைத் தவிர வேறு எதையும் நினைவில் வைத்துக்கொள்கிற கூட்டம் அல்ல நம்முடையது. அதனால் நானே சொல்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பெய்யவில்லை. அகரத்துக்கும் தாடிக்கொம்புக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் கிணறு வற்றி, தை மாதத்தில் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. நான் தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல் டவுனுக்குள் நம் பள்ளிக்கு வருவேன். என் பாவாடையில் வெங்காய வாசனை அடிக்கிறது என்று நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் நகர்ந்து உட்காருவீர்கள். உங்கள் வீட்டில் எல்லாம் வெங்காயம் போடாமல்தான் குழம்பு வைத்தார்களோ என்னவோ.

அப்பா மேற்கு மூலையில் புதுக் கிணறு வெட்ட முடிவுசெய்தார். கிணறு வெட்டுகிற மேஸ்திரி ஒருவரும், அவர் மனைவியும், இரண்டு தம்பிகளும் வந்து தோட்டத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். மூன்றாம் நாள், நெஞ்சளவு ஆழத்தில், கடப்பாரைச் சத்தம் மாறியது. மண்ணை விலக்கிப் பார்த்தால் ஒரு பலகைக் கல். அதன் அடியில் சிவப்புத் தாழி ஒன்று, என் இடுப்பு உயரம். உள்ளே இறுகிய மண். அந்த மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிண்ணங்கள், வெளிப்புறம் சிவப்பும் உட்புறம் கறுப்புமாக, இப்போதுதான் எண்ணெய் தடவித் துடைத்ததுபோல வழவழவென்று. துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று. சிவப்புப் பாசிமணிகள். காய்ந்த குச்சி மாதிரி எலும்புகள்.

மேஸ்திரி குழியிலிருந்து ஏறி வந்து தலைத்துண்டை அவிழ்த்தார். "ஐயா, இது ஆளப் பொதைச்ச தாழி. இதுக்கு மேல கடப்பாரை போட மாட்டோம். வேற எடம் காட்டுங்க, வெட்டித் தாரோம்."

அப்பா அதை அப்படியே மூடிவிட்டு வேறு இடம் காட்டியிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் அவருக்குப் படித்த தம்பி ஒருவர் இருந்தார்.

சித்தப்பா டவுனில் சரித்திர வாத்தியார். தோட்டத்துக்கு வந்தால் நாற்காலியைக் கைக்குட்டையால் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் உட்காருவார். அவர் தோட்டத்துக்கு வந்தே மூன்று வருஷம் ஆகியிருந்தது. சேதி கேட்டதும் அன்று சாயங்காலமே வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். தாழிக்குள் கைகூட விடவில்லை. "அண்ணே, இது மன்னர் கல்லறை," என்றார்.

மறுநாளே பேப்பர்காரர்களிடமும் சொல்லிவிட்டார். 'அகரம் அருகே பண்டைய மன்னர் கல்லறை' என்று செய்தி வந்தது. இடுப்பு உயரப் பானைக்குள் ஒரு மன்னர் எப்படி அடங்குவார் என்று மேஸ்திரி கேட்டதற்கு, "அந்தக் காலத்துல உக்கார வச்சுப் பொதைப்பாங்கப்பா, ஒனக்கு என்ன தெரியும்," என்றார். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். தம்பி பேசும்போது எங்கள் அப்பா வாய் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை. பி.ஏ. படித்தவனுக்குத் தெரியாதது தனக்குத் தெரியாது என்று அவர் உறுதியாக நம்பினார். தன் காட்டு மண்ணைப் பற்றிக்கூட.

அப்புறம் ஜனம் வந்தது. சைக்கிளில் வந்தது, மாட்டு வண்டியில் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டியே பட்டுச் சேலையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஐஸ் வண்டிக்காரர் வரப்பு மேல் வண்டியை ஏற்றினார். குழிக்குள் பூப் போட்டார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வேலியில் துணி முடிந்தார்கள். ஒரு பெரியவர் மன்னர் தங்கள் சாதிக்காரர் என்று நிரூபிக்க ஒரு பத்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். உயிரோடு இருக்கும்போது யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காத ஆட்களெல்லாம் செத்துப்போன ஒருவருக்கு இளநீர் வெட்டி வைத்துக் கும்பிட்டார்கள். மிதிபட்டதில் பாதி வெங்காயம் போனது. மீதியும் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் போனது.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரும் வந்தார். வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு குழியைச் சுற்றி நடந்தார். "நம்ம முன்னோர்கள் எம்புட்டு மரியாதையா அடக்கம் பண்ணியிருக்காங்க பாத்தீங்களா," என்று சித்தப்பாவிடம் சொன்னார். பேப்பருக்காகப் படம் எடுத்தபோது தாழியின் விளிம்பில் கை வைத்து நின்றார்.

சாமியார் அப்படி நின்றதை அம்மா வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இது உங்களுக்குத் தெரியாத விஷயம், சொல்கிறேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். செத்துப் பிறந்தான் என்றார்கள். இல்லை, ஒருமுறை வாயைத் திறந்தான், நான் பார்த்தேன் என்று அம்மா சொன்னாள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று இதே சாமியார் சொல்லிவிட்டார். அப்பா ஓலைப்பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு மத்தியான வெயிலில் மேற்கு மூலைக்கு நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். வேலியோரம், மூன்று கல். அம்மா அங்கே ஒரு நித்தியகல்யாணிச் செடி வைத்தாள். வேறு எதையும் அங்கே நட விடமாட்டாள். புதுக் கிணற்றுக் குழி அதிலிருந்து இருபதடி தூரம். சித்தப்பாவுக்கு அப்போதும் சேதி போனது. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினார்.

மதுரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு புரொபசரைச் சித்தப்பா அழைத்து வந்தார். மூக்குப்பொடி போடுகிறவர். மூக்கைத் துடைத்த கைக்குட்டையாலேயே கிண்ணத்தையும் துடைப்பார். எனக்கு அவரைக் கண்டாலே அருவருப்பு. அவர் குழியை அகலமாகத் தோண்டச் சொன்னார். மேஸ்திரியின் தம்பிகள் மாட்டேன் என்றார்கள். சித்தப்பா மிரட்டிச் சம்மதிக்க வைத்தார். எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது? வேலியோரம் சும்மாதான் கிடக்கிறது என்று சித்தப்பா கையைக் காட்டினார்.

அம்மா வந்து கேட்டாள். "தம்பி, அந்த மூலை வேணாம். மண்ண வடக்கால கொட்டச் சொல்லுங்க."

"அங்க என்ன மதினி இருக்கு? சும்மா கெடக்குற எடந்தான."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வெங்காயப் பாத்தியைப் பார்த்தார். அம்மா திரும்பிப் போய்விட்டாள். இரண்டு நாளில் நித்தியகல்யாணியும் மூன்று கல்லும் மண்மேட்டுக்கு அடியில் போயின.

அந்த வாரம்தான் நீங்கள் வந்தீர்கள்.

வருஷா வருஷம் மலைக்கோட்டைக்குத்தான் கூட்டிப்போவார்கள். அந்த வருஷம் என் காரணமாக எங்கள் தோட்டம். நான்தான் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். ஒரு வாரமாக நீங்கள் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்காரச் சண்டை போட்டீர்கள். நான் பஸ்ஸிலிருந்து உங்களை வரிசையாக இறக்கிக் கூட்டிவந்தேன். மன்னருக்கு எழுபது வயது, ஏழு யானை, போரில் நெஞ்சில் வேல் வாங்கிச் செத்தார் என்று சித்தப்பா சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள்.

அப்போது நம்மில் ஒருவன், பிறகு தாசில்தாராக ஓய்வு பெற்றவர், பெயர் வேண்டாம், அந்த மண்மேட்டில் ஏறி நின்று, "நாந்தேன் ராஜா, எல்லாரும் கும்பிடுங்கடா," என்றான். அவன் பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் ஏறினீர்கள். சறுக்கி விளையாடினீர்கள்.

அம்மா ஈரக் கையோடு வந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், தலையில் வைக்கோல் தூசி. "எறங்குங்கப்பு. அது ஏறி வெளாடுற எடம் இல்ல," என்றாள்.

யாரும் இறங்கவில்லை. டீச்சர் குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "யார் இது? உங்கம்மாவா?"

"இல்ல டீச்சர். தோட்டத்துல வேலை செய்யிறவங்க," என்றேன்.

அம்மாவுக்கு அது கேட்கிற தூரம்தான். அவள் என் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பா அவசரமாக வந்தார். "மதினி, பிள்ளைக டவுன்ல இருந்து வந்துருக்கு. நீங்க உள்ள போங்க."

"அடியில எம்புள்ள இருக்கான்," என்றாள் அம்மா. உரக்கச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னாள்.

சாமியாரும் அன்று வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலை குனிந்து காய்க்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டீச்சர் பிள்ளைகளைக் கீழே இறங்கச் சொன்னார். பாவம் என்பதால் இல்லை, யூனிபாரம் அழுக்காகிறது என்பதால்.

முதலில் நகர்ந்தது மேஸ்திரியின் மனைவி. கூடையை எடுத்து வந்து கையாலேயே மண்ணை அள்ள ஆரம்பித்தாள். அம்மாவும் உட்கார்ந்து அள்ளினாள். இரண்டு கூடை போனது. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, ஜனம் பாக்குது," என்றார் சித்தப்பா.

"பாக்கட்டும்."

அப்பா தம்பியை மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது. சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டியது, இரண்டு வருஷம் தாமதம். அதையும் நான் அன்று கேட்டுச் சந்தோஷப்படவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த மூன்று பேரும் யாரோ என்பதுபோல நான் ஏழாவது யானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் உங்களை மறுபக்கம் திருப்பி உட்கார வைத்தார். சாப்பாட்டுக்கு முன் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாடினீர்கள். பிறகு புளிச்சோறு சாப்பிட்டீர்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள எங்கள் வீட்டிலிருந்து வந்த சட்டினிக்கு வெங்காயம் உரித்தவள் அம்மாதான், காலையிலேயே.

அன்று சாயங்காலம் அம்மா எனக்கு எப்போதும்போலச் சோறு போட்டாள். தொட்டுக்க வெஞ்சனம் போதுமா என்று கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இன்றுவரை அதற்குத்தான் காத்திருக்கிறேன் என்று சில சமயம் தோன்றும்.

புரொபசர் அன்று ஊரில் இல்லை. இரண்டு நாள் கழித்து வந்தவர் மண்மேடு இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். யாரிடம் என்ன கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று தெரியாது. அம்மாவிடம் வந்து சல்லடை கேட்டு வாங்கிக்கொண்டு, தாழி மண்ணைத் தானே உட்கார்ந்து சலித்தார். மத்தியானம் தீப்பெட்டி மூடி ஒன்றில் எதையோ வைத்துச் சித்தப்பாவிடம் காட்டினார். அரிசி அளவில் வெள்ளையாக நாலைந்து.

"ராஜாவும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். பால் பல்லு. மூணு வயசு இருக்கும். மிஞ்சிப்போனா நாலு."

"வேற எலும்போட கலந்திருக்கலாமில்ல?"

"ஒரே ஆள்தான். எல்லாம் சின்ன எலும்பு. மொத நாளே எனக்குச் சந்தேகம்."

"பேப்பர்ல வந்துருச்சே சார்," என்றார் சித்தப்பா.

"பேப்பர்ல வந்துட்டா அந்தப் பிள்ளை வளந்துருமா?"

மூக்குப்பொடி மனிதருக்குள் இப்படி ஒரு நாக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் கெஞ்சினார். தான் பேப்பருக்கு மேல்விவரம் எழுதும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் எழுதவும் இல்லை, பேப்பரில் வந்ததைத் திருத்தவும் இல்லை. சாகும்வரை அவருக்கு அது மன்னர் கல்லறைதான்.

அம்மா மோர் கொண்டுவந்தவள் அங்கேயே நின்றாள். சாக்கில் வரிசையாக வைத்திருந்த ஏழு கிண்ணங்களைப் பார்த்தாள்.

"ஐயா, இம்புட்டும் அந்தப் புள்ளைக்கா?"

"ஆமாம்மா."

"உள்ள என்ன போட்டு வச்சிருந்தாக?"

"தானியம் வச்சிருப்பாங்க. பிள்ளைக்கு வழியில பசிக்குமேன்னு."

"யாருகிட்டயும் கேக்காமலா வச்சாக?"

புரொபசருக்குப் புரியவில்லை. "யார்கிட்டம்மா கேக்கணும்?" என்றார்.

அம்மா மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது கிண்ணம் ஆறுதான் இருந்தது. சித்தப்பா நேராக மேஸ்திரியின் கொட்டகைக்குப் போனார். "மூட்டையப் பிரிங்க," என்றார். மேஸ்திரி எங்களிடம் இருபது நாள் வேலை செய்தவர். அவர் மனைவி மூட்டையைப் பிரித்தாள். ஒரு சட்டி, ஒரு கண்ணாடி, ஒரு பிள்ளைச் சட்டை, வெற்றிலைப் பை. சித்தப்பா செருப்புக் காலால் அந்தச் சட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "அவுங்க எடுக்கல. நாந்தேன் எடுத்தேன்."

"எடுத்து என்ன செஞ்சீங்க?"

"எம்புள்ளைக்கு வச்சேன். ஒரு கை அரிசி போட்டு."

சித்தப்பா அப்பாவிடம் திரும்பினார். "அண்ணே, தோண்டி எடுக்கச் சொல்லுங்க. கவர்மெண்டுக்குப் போக வேண்டிய பொருளு. நாளைக்கு எம்மேல கேஸ் வரும்."

அப்பா அசையவில்லை. புரொபசர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, ஓர் இடத்தில் அடித்து எழுதினார். "ஆறுதான் சார். நேத்து நான் ஒண்ண ரெண்டு தடவை எண்ணிட்டேன் போல." பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, அந்தப் பிள்ளைச் சட்டையைத் தட்டி மடித்து மேஸ்திரியின் மனைவியிடம் கொடுத்தார். சித்தப்பா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டார். அந்த நேரத்தில் அந்த வழியில் பஸ் எதுவும் கிடையாது.

நான் பெரியவளாகி வேலைக்குப் போன பிறகு அந்த ஆறு கிண்ணங்களையும் தேடிப்போனேன். கல்லூரியில் கேட்டேன். புரொபசர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்கள். அலமாரிச் சாவி இல்லை என்றார்கள். அப்புறம் அலமாரியே இல்லை என்றார்கள். தாழி, வண்டியில் ஏற்றும்போதே உடைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். சித்தப்பா ஒரு பாசிமணியைத் தன் பேனாப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் இறந்ததும் அவர் மகன் அதை உடைந்த பாசி என்று குப்பையில் போட்டிருக்கிறான். கிணறு அந்த மூலையில் வெட்டவே இல்லை. வேறு இடத்தில் வெட்டினார்கள், பாறை வந்தது. தோட்டம் இப்போது வீட்டுமனை. மேற்கு மூலையில் யாரோ மாடி வீடு கட்டி முன்னால் கார் நிறுத்துகிறார்கள். ஊரே திரண்டு வந்து கும்பிட்ட இடம் எது என்று அங்கே இருப்பவர்கள் ஒருவருக்கும் தெரியாது. மன்னர் இருக்கிறார் என்று நம்பியவரைக்கும்தான் ஊருக்கு அந்த மண் மேல் மரியாதை.

இன்னொன்றும் நடந்தது. சுற்றுலா போய்வந்ததைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள் அல்லவா? 'நான் கண்ட மன்னர் கல்லறை.' எனக்குத்தான் முதல் பரிசு. பால் பல்லை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் அந்தக் கட்டுரையை எழுதினேன். ஏழு யானையும் எழுதினேன். நீங்கள் கைதட்டினீர்கள்.

பரிசு வாங்கிய அன்று அம்மா அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தேறிய கொஞ்சம் வெங்காயத்தைக் குவித்து வைத்துத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடி முழுவதும் படித்தேன்.

"ராசாவுக்கு என்ன வயசுன்னு போட்ட?"

"எழுவதும்மா."

"பேரு?"

"பேரு தெரியலன்னு எழுதுனேன்."

அரிவாளைக் கீழே வைத்தாள். "பேரு வைக்காம ஆரும் புள்ளையப் பொதைக்க மாட்டாக. வெளிய சொல்லாம இருந்திருப்பாக," என்றாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். வெங்காயக் கையால் என் கழுத்தை வளைத்து, காதோடு ஒரு பெயரைச் சொன்னாள். "சாமியாருக்குச் சொல்லல. ஒங்கப்பாருக்கும் சொல்லல. ஒனக்குத்தேன் சொல்றேன், அவன் ஒனக்குத் தம்பி," என்றாள். மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டாள்.

உங்கள் எல்லார் முன்னாலும் அவளை நான் வேலைக்காரி என்று சொல்லி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எதை நம்பி என்னிடம் சொன்னாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பெயர் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான். கேட்பீர்கள் என்று தெரியும், இத்தனை தூரம் படித்துவிட்டீர்கள். சொல்ல மாட்டேன். நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.